சேதி சொல்ல ஆள் இல்லை

மேலதிகாரி ஒருவர் இறந்துபோனால், அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் எங்கே நிற்பது என்று நம் சடங்குகள் எதுவும் சொல்வதில்லை. பங்காளிக்கு ஓர் இடம் உண்டு, சம்பந்திக்கு ஓர் இடம் உண்டு, கோடி போடுகிறவர்களுக்கு முறை உண்டு. ஆபீஸ்காரர்கள் காசு சேர்த்து ஒரு மாலை வாங்கிக்கொண்டு வருவார்கள். பந்தல் ஓரத்து நாற்காலிகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடுவார்கள். காரியத்துக்கு யாரும் அவர்களைத் தேடுவதில்லை. தீட்டு இல்லாத துக்கம் அது.

தமிழ் இலக்கணம் மட்டும் அந்தத் துக்கத்தை மறக்கவில்லை. ஆதரித்தவன் மாண்டபின் அவனை அண்டி வாழ்ந்தவர்கள் புலம்புவதற்கென்றே கையறுநிலை என்று ஒரு துறையை வகுத்து வைத்திருக்கிறது. அந்தத் துறையில் எனக்குத் தெரிந்து மிகவும் உலுக்குகிற பாட்டு, தருமபுரி மண்ணின் தலைவனுக்காக ஒரு பெண் பாடியது. தருமபுரிக்கு அன்று தகடூர் என்று பெயர். இறந்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அழுதவள் அவ்வை. புறநானூற்றில் 231, 232, 235 என்று மூன்று பாட்டுகளில் அவனுக்காக அழுதிருக்கிறாள். உறவுமுறையில் அவளுக்கு அவன் யாருமில்லை. அவளை வைத்துக் காப்பாற்றியவன், அவளை வேலைக்கு அனுப்பியவன், அவள் சொன்னதைக் கேட்டவன்.

இந்த அவ்வையை ஆத்திசூடிப் பாட்டியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜெமினியின் 1953 படத்தில் கே.பி. சுந்தராம்பாளைப் பார்த்ததிலிருந்து நமக்கு எல்லா அவ்வையும் கோலூன்றிய கிழவிதான். சங்க அவ்வை பல நூற்றாண்டு முந்தியவள், வேறொருத்தி. 89ஆம் பாட்டில் பகை மன்னன் ஒருவன், உங்கள் நாட்டில் சண்டைக்கு ஆள் இருக்கிறார்களா என்று அவளைக் கேட்கிறான். கேட்கும்போது மை தீட்டிய கண்ணுடைய விறலியே என்றுதான் விளிக்கிறான். இளம் வயதில், சொந்த வாய்ச்சொல்லை மட்டும் நம்பி, ஒரு தலைவனின் ஊருக்கு வந்து சேர்ந்தவளாக அவளைப் பார்த்தால்தான் மற்றப் பாட்டுகள் எனக்கு விளங்குகின்றன.

நானும் அப்படித்தான் தருமபுரிக்கு வந்தேன். எண்பதுகளின் பின்பாதி. கிருஷ்ணகிரி பிரியாத பெரிய மாவட்டம் அது. 2004இல்தான் கிருஷ்ணகிரி தனியாகப் போயிற்று. காவிரிக் கடைமடையில் வாய்க்காலும் வரப்புமாக வளர்ந்தவளுக்கு, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் உத்தரவு. “தருமபுரியா? அது தண்டனை போட்டு அனுப்புகிற ஊராச்சே” என்றார் மாமா. தொப்பூர்க் கணவாயில் பஸ் ஏறி வளைந்தபோது இரண்டு பக்கமும் கருகின பாறையும் முள்ளும்தான் தெரிந்தன. அம்மா என் கையை விடவேயில்லை.

அங்கே ஆணையாளராக இருந்தவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெயரை எழுதப் போவதில்லை. உயரம் குறைவு, குரலும் குறைவு. வெள்ளை அரைக்கைச் சட்டை. பையில் ஒரு பச்சை மைப் பேனா. யார் வந்து நின்றாலும் “உட்காருங்க” என்று சொல்லிவிட்டுத்தான் கோப்பை மூடுவார். எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “வாம்மா”, “பாரும்மா” இரண்டும்தான்.

தருமபுரியின் தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். அடியில் முழுக்கப் பாறை. பாறைக்குள் ஃப்ளோரைடு. மழை குறையக் குறைய போர் ஆழமாகப் போகும். ஆழமாகப் போன தண்ணீர் பாறையில் அதிக காலம் தங்கி, அதிக ஃப்ளோரைடை வாங்கிக்கொண்டு வரும். குடிநீர் ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. அதைத் தாண்டிய ஊர்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே பல்லில் பழுப்புக் காவி படியும். இன்னும் கூடுதலாகவும் பல வருஷமாகவும் குடித்தவர்களுக்கு எலும்பு இறுகி, முட்டி மடங்காமல், முதுகு நிமிராமல் போகும். பார்க்கத் தெளிவாக இருக்கும் தண்ணீர், காய்ச்சினாலும் போகாத நஞ்சு. கைப்பம்பு போட்டுக் கொடுத்ததைச் சாதனையாக எண்ணியிருந்த காலத்தில் இதை எழுத்தில் கொண்டுவருவது எளிதாக இல்லை.

பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பெண்கள் மனு கொடுத்திருந்தார்கள். மனுவோடு ஜீப்பில் என்னையும் அனுப்பினார் ஆணையாளர். அங்கே ஒரு பெண், சிரிப்பு வரும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பேசினாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பல்லைத்தான் பார்க்கிறார்கள் என்றாள். திரும்பி வந்து குறிப்பு எழுதினேன். “பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது” என்று அரைப் பக்கத்தில் முடிக்க வேண்டியதை மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அந்தப் பெண் சொன்னது, முட்டி மடங்காத கிழவர், ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பது, எல்லாம். தலைமை எழுத்தர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். அதற்குள் கோப்பை ஆணையாளர் வாங்கிக்கொண்டார். படித்தார். முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தார். ஒரு வரியும் அடிக்காமல், “இக்குறிப்பு முழுமையாக இணைக்கப்படுகிறது” என்று ஓரத்தில் பச்சை மையில் எழுதிக் கையெழுத்திட்டார். “இப்படியே போகட்டும்மா. மேலே இருக்கிறவங்களும் மூணு பக்கம் படிக்கட்டும்.”

புறநானூற்று 92ஆம் பாட்டை நான் வெகுநாள் கழித்துப் படித்தேன். குழந்தையின் மழலை யாழோடு ஒத்துவராது, காலத்தோடு கூடாது, பொருளும் தெரியாது. ஆனாலும் தகப்பனுக்கு அது இனிக்கும். என் சொற்களும் உனக்கு அப்படித்தான் என்று அவ்வை அஞ்சியிடம் சொல்கிறாள். தமிழின் மிகக் கூர்மையான நாக்குகளில் ஒன்று அவளுடையது. அவளே தன் சொல் பிஞ்சு என்றும், கேட்டவன் அருளால்தான் அது பழுத்தது என்றும் சொல்கிறாள் என்றால், அது வெறும் அடக்கமாக எனக்குப் படவில்லை. நடந்ததைச் சொல்கிறாள். கேட்கிற காது முன்னால் இருந்தால்தான் சிலருக்குப் பேச்சு வரும்.

அஞ்சி கேட்டதோடு நிற்கவில்லை, அனுப்பினான். தொண்டைமானோடு போர் மூளும்போல இருந்தபோது அவனிடம் தூது போனவள் அவ்வை. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, இவை மயிற்பீலி சூட்டி நெய் பூசிப் புதிதாக இருக்கின்றன, எங்களவன் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவள் சொன்ன 95ஆம் பாட்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தப் பதிலின் சாமர்த்தியத்தை எல்லாரும் புகழ்கிறோம். தன் நாட்டின் போரும் அமைதியும் தொங்குகிற ஓர் இடத்துக்கு, மந்திரியையோ தளபதியையோ விட்டுவிட்டு ஒரு பாட்டுக்காரியை அனுப்பத் துணிந்தானே, அவனுடைய மனசுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எழுதிக் கொடுத்தா அனுப்பியிருப்பான்?

கலெக்டர் ஆபீஸில் தண்ணீர்க் கூட்டம் நடந்தபோது என் அதிகாரி எழுந்து, “இதை நேரில் பார்த்தவங்க சொன்னால் நல்லது” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில் இருந்தவர்களில் நான்தான் கடைசிப் பதவி. பின்னால் சுவர் ஓரமாகக் கோப்புகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. நான் பேசும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அதியமான் என்றால் ஊரே நெல்லிக்கனியைச் சொல்லும். மலைப் பிளவில் கிடைத்த அரிய கனி. அதன் பயனைச் சொல்லாமல் மறைத்து அவளுக்குக் கொடுத்தான் என்கிறது 91ஆம் பாட்டு. சிறுபாணாற்றுப்படையும் அவனைக் கடையெழு வள்ளல்களில் வைத்து இதைத்தான் நினைக்கிறது. அந்தக் கொடையைச் சிறிதாக்க நான் யார்? இருந்தாலும் 235ஐப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அவன் செத்த பிறகு அவ்வை அழும்போது நெல்லியே வரவில்லை. சாப்பாடு வருகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான்; சோறு கொஞ்சமானாலும் நிறையத் தட்டுகளில் வைத்துப் பகிர்வான்; எலும்போடு கூடிய கறியெல்லாம் எங்கள் பக்கம், அம்பும் வேலும் வருகிற இடமெல்லாம் அவன் பக்கம். நரந்தம் மணக்கும் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவுவான். அவள் நினைத்துக்கொண்டது இவற்றைத்தான். ஒருநாள் கிடைத்த அபூர்வத்தைவிட, தினமும் நடந்தது அல்லவா இல்லாமல் போய்விட்டது.

எங்கள் ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு பெரிய மேசை உண்டு. பியூனும் வாட்ச்மேனும் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரும் பின்கட்டில் குந்திச் சாப்பிடுவது வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்துக்கு என்ன காரணம் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆணையாளர் வந்த முதல் வாரம் தன் டிபன்கேரியரைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாராம். அப்புறம் எல்லாரும் மேசைக்கு வந்தார்கள். வாட்ச்மேன் வீட்டுக் களியும் கொள்ளுக் கடைசலும் எனக்கு அந்த மேசையில்தான் அறிமுகம். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்று ஆணையாளரே எனக்குக் கற்றுக் கொடுத்தார். அவர் வீட்டு எலுமிச்சைச் சாதம் அவருக்கு ஒரு கைப்பிடிகூட மிஞ்சாது.

வேல் வருகிற இடம் எப்படி இருக்கும் என்பதையும் அங்கேதான் பார்த்தேன். ஒரு சித்திரை மாதம், தண்ணீர் கேட்டுக் காலிக்குடங்களோடு பெருங்கூட்டம் அலுவலகத்தை வளைத்துக்கொண்டது. குடத்தால் கதவை இடித்தார்கள். போலீசுக்குப் போன் செய்யலாமா என்று கேட்டவரிடம், “அவங்க தண்ணி கேட்டுத்தானே வந்திருக்காங்க” என்றார். எங்களை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக வெளியே போனார். வசவுகள் உள்ளே வரைக்கும் கேட்டன. தாயைச் சேர்த்துத் திட்டினார்கள். ஒரு பிளாஸ்டிக் குடம் அவர் தோளில் பட்டுத் தெறித்தது. வெயில் இறங்கும்வரை படிக்கட்டில் அவர்களோடேயே உட்கார்ந்திருந்து, லாரித் தண்ணீர் வந்த பிறகுதான் உள்ளே வந்தார். வந்து முகம் கழுவிக்கொண்டு, அன்றைய தபாலைக் கேட்டார்.

அவரிடம் எனக்குக் கோபமும் வந்திருக்கிறது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். அது அவர் மேசையிலேயே கிடந்தது. இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, நேரே போய், எனக்கும் எழுதத் தெரியும், எங்கே போனாலும் எனக்கு வேலை உண்டு என்று சத்தமாகச் சொன்னேன். அதே வேகத்தைப் பின்னாளில் 206ஆம் பாட்டில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. பரிசில் தர அஞ்சி காலம் தாழ்த்தியிருக்கிறான். அவ்வை வாயில்காவலனிடம் வெடிக்கிறாள்: உன் தலைவனுக்குத் தன் தரமும் தெரியவில்லையா, என் தரமும் தெரியவில்லையா, உலகத்தில் அறிவாளிகளெல்லாம் செத்துப்போய்விடவில்லை, எந்தத் திசை போனாலும் எங்களுக்குச் சோறு கிடைக்கும் என்று. இந்தப் பாட்டும் அந்தத் தொகுப்பில் இருப்பது எனக்கு எவ்வளவு நிம்மதி! மேலே இருப்பவரிடம் இப்படிக் கோபித்துக்கொள்ள முடிகிறதென்றால், அவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? பயமுறுத்துகிற அதிகாரிகளிடம் நாம் கோபப்படுவதில்லை. குனிந்துகொண்டு, வெளியே வந்து முணுமுணுக்கிறோம். என் சத்தத்தைக் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னது: “உங்க ஊர்ப் பக்கம் காலியிடம் எங்கேன்னு கேட்டு எழுதியிருக்கேம்மா. சும்மா அனுப்பினா கன்னியாகுமரிக்குப் போட்டுடுவாங்க.” பத்து நாளில் உத்தரவு வந்தது, எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்துக்கு.

இப்படித்தான் தருமபுரியை விட்டுவந்தேன். பிறகு பல ஊர், பல அதிகாரிகள். நல்லவர்களும் இருந்தார்கள். என் குறிப்புகள் அரைப் பக்கத்துக்குச் சுருங்கின. ஏதாவது முக்கியமாக எழுதினால் நகல் ஒன்றைத் தபால் கவரில் அவருக்கு அனுப்புவேன். ஓரத்தில் பச்சை மையில் இரண்டு வரியோடு திரும்பி வரும். ஓய்வு பெற்ற பிறகும் அந்த மை மாறவில்லை.

தகடூரை அழித்தவன் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை. அந்த வெற்றியே அவன் பெயருக்கு அடைமொழியாகிவிட்டது: தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. முரசு வைக்கும் கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிவிட்ட மோசிகீரனார் என்ற புலவரை வாளால் வெட்டாமல், விசிறி எடுத்து வீசிக்கொண்டு நின்றவனும் இவனேதான். 50ஆம் பாட்டு. இரண்டையும் ஒருசேர நினைத்துப் பார்க்க எனக்குச் சிரமமாக இருக்கிறது. ஒரு புலவனுக்கு விசிறிய கை இன்னோர் ஊரின் மதிலை இடித்திருக்கிறது. நல்ல தலைவன் என்பவன் தன்னிடம் வந்தவருக்குத்தான் நல்லவனோ? என் அதிகாரிக்கு அந்தச் சோதனை வரவில்லை. அவர் அழிக்க வேண்டிய ஊர் எதுவும் இருக்கவில்லை. அது அவருடைய பாக்கியம்.

தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. ஒருமுறை போனபோது நடுகற்களின் நடுவே வெகுநேரம் நின்றேன். இந்த மாவட்டம் முழுக்க நடுகற்கள்தான். மாடு மீட்டுச் செத்தவன், ஊர் காத்துச் செத்தவன் என்று கல்லில் வில்லும் வாளுமாக நிற்கிறார்கள். அஞ்சிக்கும் கல் நட்டார்கள், பீலி சூட்டினார்கள், சிறு கலத்தில் கள் வார்த்தார்கள் என்று 232இல் அவ்வை சொல்கிறாள். மலையோடு ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சொட்டுக் கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கேட்கிறாள். அந்தக் கல் இதுதான் என்று காட்ட இன்று ஒரு கல்லும் இல்லை. அவன் பெயர் வேறோர் இடத்தில் கிடைத்தது. 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் பாறைக் குகை ஒன்றில் தமிழி எழுத்தில் ஒரே ஒரு வரி: சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்ற செய்தி. அசோகன் தன் கல்வெட்டுகளில் சேர சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொன்ன சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் அந்த வரியே விடையாயிற்று. அந்த ஒற்றை வரியிலும் அவன் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டம். காவிரியைச் சுத்திகரித்துக் குழாய் வழியே தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுவருவது. பேப்பரில் வந்த செய்தியை வெட்டி என் அதிகாரி எனக்கு அனுப்பினார். கை நடுங்கியிருந்தது எழுத்தில் தெரிந்தது. அதற்கடுத்த வருஷம் இறந்துபோனார். தகவல் எனக்குக் கிடைத்தபோது எல்லாம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவர் வீட்டில் யாருக்கும் என்னைத் தெரியாது. வாசலில் நின்று, சாரிடம் வேலை பார்த்தவள் என்றேன். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். அவர்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் போனேன். எனக்கு யார் சொல்வது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

2013இல் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். டி.வி.யில் பார்த்தேன். பார்த்ததும் தபால் கவரைத் தேடி எழுந்தேன். எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அப்போதுதான் 235ஆம் பாட்டின் நடுவில் வருகிற அந்த இடம் எனக்கு முழுதாகப் புரிந்தது. அஞ்சியின் மார்பில் பாய்ந்த வேல் அங்கே நிற்கவில்லை. பாணர்களின் உண்கலத்தைத் துளைத்தது, இரப்பவர் கைகளைத் துளைத்தது, அவன் காத்தவர்களின் கண்ணொளியை மழுக்கியது. கடைசியாகப் புலவர்களின் நாக்கில் போய் விழுந்தது என்கிறாள். கலம் போனாலும் வேறு கலம் கிடைக்கும். எந்தத் திசை போனாலும் சோறு உண்டு என்று சொன்னவள்தானே அவள். நாக்கில் விழுந்த வேலை எடுக்க வேறு எந்தத் திசையிலும் ஆள் இல்லை. இனிப் பாடுகிறவர்களும் இல்லை, பாடுகிறவர்களுக்குக் கொடுக்கிறவர்களும் இல்லை என்று அவள் முடிவுக்கு வருவது, உலகத்தைப் பற்றிச் சொன்ன தீர்ப்பாக இருக்க முடியாது. அஞ்சியின் மகன் பொகுட்டெழினியையே அவள் பாடியிருக்கிறாள். அது அந்த நாளின் உண்மை. அந்த நாளில் அதைத் தவிர வேறு உண்மை கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு, போன ஆடியில் பென்னாகரம் போனேன். பார்த்ததை எழுதிவிடுகிறேன். சார், நீங்கள் என்னை ஜீப்பில் அனுப்பிய ஊரில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே மேல்நிலைத் தொட்டி நிற்கிறது. ஆற்றுத் தண்ணீர் வருகிறது. தினமும் வருவதில்லை, வராத நாளில் பழைய போரில்தான் பிடிக்கிறார்கள். அதை மூடச் சொல்லி யாராவது எழுத வேண்டும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசிய பெண் இருக்கிறாள், பேரன் எடுத்துவிட்டாள். பேரனுடைய பல் வெள்ளையாக இருக்கிறது. கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லிக் காட்டினாள். அவளுக்கு முட்டி வலி. வாட்ச்மேன் இல்லை, அவர் மகன் உங்களைக் கேட்டான். எந்தெந்தத் தெருக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று வீடு வீடாக விசாரித்துக் குறிப்பு எழுதியிருக்கிறேன். மூன்று பக்கத்தைத் தாண்டிவிட்டது. சுருக்காமல் அப்படியே கலெக்டருக்கு அனுப்பப் போகிறேன்.